அமாவாசைக்கு அமாவாசை சார்ஜ்

என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த சீரில் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று உண்டு. கனமான எவர்சில்வர். மூடியில் மகாலட்சுமி என்று என் பேரை முழுசாக வெட்டியிருப்பார்கள். பேர்தான் என்னுடையது. கடைசிப் பதினாறு வருசமாக அதில் நான் ஒரு பிடி சோறு கட்டியதில்லை. அதில் குடியிருப்பது என் வீட்டுக்காரரின் கேமரா.

கீழ் அடுக்கில் சார்ஜரும் ஒயரும். நடு அடுக்கில் கேமரா, என் பழைய நூல் புடவையில் கிழித்த துணியைச் சுற்றிக்கொண்டு. மேல் அடுக்கில் பேட்டரி, தனியாக. புது செருப்பு வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்கு ஒரு வெள்ளைப் பொட்டலம் கிடக்குமே, அதில் இரண்டிரண்டு ஒவ்வொரு அடுக்கிலும் இருக்கும். அதற்காகவே காந்தி பஜாரில் செருப்புக் கடைக்காரரோடு சிநேகம் பிடித்து வைத்திருந்தார் மனுசர்.

"பேட்டரிய உள்ளயே போட்டு வெச்சா இன்னாங்க? ஒவ்வொரு வாட்டியும் கழட்டிக்கினு மாட்டிக்கினு" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உள்ளயே கெடந்தா கொஞ்சம் கொஞ்சமா தீந்துக்கினே இருக்கும்டி. அப்புறம் உப்பிடும். உப்பிச்சின்னா கேமராவும் சேந்து போச்சி" என்றார். சொல்லிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "புருசன் பொண்டாட்டிக்கு நடுவுலகூட இப்டி ஒரு தட்டு இருந்தா சண்டை வராது" என்று சேர்த்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் இன்னும் நாலு சொல்வார்.

அவர் பேர் அன்புச்செல்வன். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, பாதியில் ஆபீஸ் வேலைக்கு மாறி, இந்த வருசம் ரிட்டயர்டு ஆனவர். செஞ்சியில் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் தெருவில் மட்டும் அவருக்கு வேறு பேர், 'அமாவாசை பேட்டரி'.

அந்தப் பேர் வந்த கதை ரொம்பச் சின்னது. செஞ்சிக்காரர்களுக்கு அமாவாசை மறக்கவே மறக்காது. மறக்க விடமாட்டார்கள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்ஸும் வேனும் காலையிலிருந்தே ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். மஞ்சள் புடவைகளும் எலுமிச்சம்பழ மாலைகளுமாக டவுனே வேறு மாதிரி ஆகிவிடும். பேட்டரி காலியாகவே கிடந்தாலும் கெட்டுவிடும், முழுசாக ஏற்றி மூடி வைத்தாலும் கெட்டுவிடும், மாசத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பாதி ஏற்றி வைக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார். தேதி வைத்தால் மறந்துபோகும் என்று அமாவாசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊர் சனமெல்லாம் அம்மனைப் பார்க்க ஓடும்போது இவர் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே மணையைப் போட்டுக்கொண்டு சார்ஜர் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

இவ்வளவு பணிவிடை செய்கிறாரே, எத்தனை படம் எடுத்துத் தள்ளியிருப்பார் என்று நினைப்பீர்கள். போன ஆவணிவரைக்கும் பதிமூன்று வருசத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கேமராவை அவர் கண்ணுக்கு நேரே திரும்ப ஒரு தரமாவது தூக்க வைத்துவிட வேண்டும் என்று நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த என் தம்பி தங்கராசு 2009 பொங்கலுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தான். வெள்ளி நிறம், உள்ளங்கையில் அடங்கும். ஆன் பண்ணினால் ஒரு சின்னச் சத்தத்தோடு மூக்கை வெளியே நீட்டும். மாமனுக்கு எப்படி எடுப்பது என்று ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு அவன் கறி வாங்கப் போய்விட்டான். அவன் திரும்பி வருவதற்குள் எங்கள் கோழி, எங்கள் மோட்டார் கொட்டகை, வெங்காயம் உரிக்கிற நான், எல்லாம் கேமராவுக்குள் போய்விட்டிருந்தோம்.

அந்த மூன்று நாலு வருசத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடும். அப்போது எங்கள் மகள் வெண்மதி நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் சத்துணவு அமைப்பாளர். காணும் பொங்கலுக்குக் கோட்டைக்குப் போவோம். ஊரே அங்கேதான் இருக்கும், ராஜகிரி அடிவாரத்திலிருந்து கல்யாண மகால் வரைக்கும் துண்டு விரித்துச் சோறு சாப்பிடுவார்கள். இவர் யாரையும் வரிசையாக நிற்கவைத்து எடுக்கமாட்டார். பாதி மலையில் இனி ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட மதி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற நான், தயிர்சாதத்தைக் குரங்கிடமிருந்து காப்பாற்ற ஓடுகிற என் ஓரகத்தி, இப்படித்தான் எடுப்பார். ஒரு சமயம் மண்டகப்பட்டு குகைக் கோயிலுக்குப் போய், உள்ளே போகாமல் வெளியே நின்று மதிக்குப் பேன் பார்த்த என்னை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நல்லா சிரிச்சிக்கினு நிக்கும்போது எடுக்க மாட்டீங்களா?" என்று சண்டை போடுவேன்.

"நீ சிரிச்சா ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்குதுடி. திட்டும்போதுதான் உன் மூஞ்சி உன் மூஞ்சியா இருக்குது."

கேமராவை வெளியே எடுத்தால் அதன் வாரை மணிக்கட்டில் மாட்டாமல் ஒரு அடி வைக்கமாட்டார். ராஜகிரியில் ஒரு குரங்கு அதன் உறையை அப்படியே பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. வார் மாட்டியிருந்ததால் கேமரா மட்டும் தப்பித்தது. அதிலிருந்து கேமரா வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும், முன்பின் தெரியாத வெளியூர்க்காரனாக இருந்தாலும், "சார், வார மாட்டுங்க சார்" என்று உபதேசம்தான். எனக்கு மானம் போகும்.

ஈரப் பொட்டலங்களை மாசத்துக்கொரு தரம் வெயிலில் காயவைப்பார். ஒரு வெயில் காலத்தில் என் வடாம் காய்ந்த பிளாஸ்டிக் விரிப்பிலேயே ஓரமாக அதையும் பரப்பிவிட்டார். ஒரு பொட்டலம் பிரிந்து மணி மணியாகச் சிதறிக்கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஜவ்வரிசி கொட்டிக்கிடக்கிறது என்று பொறுக்கி என் வடாம் மாவிலேயே போட்டுவிட்டார். ஒரு குண்டான் மாவையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு நான் போட்ட கூச்சல் செட்டிகுளம்வரைக்கும் கேட்டிருக்கும். அவர் அந்தப் பக்கமாகத் திரும்பித் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

அப்போது கரண்ட் இல்லாத காலம். பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. லைன்மேன் வீடு என்பதால் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில் வந்துதான் கேட்பார்கள், என்னமோ நாங்கள் கரண்ட்டைப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி. அமாவாசையன்று அவர் சார்ஜரைச் செருகினதும் கரண்ட் போகும். "உங்க ஆபீசுக்கே போன் பண்ணிக் கேளுங்க" என்று நான் குத்திக்காட்டுவேன். தெருவில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் எது நடந்தாலும் "அன்பு, ஒரு போட்டோ புடிச்சிக் குடு" என்று வருவார்கள். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் எத்தனையோ பேருக்குப் போட்டோ என்றாலே ஓட்டர் அட்டைதான். அவர் எடுத்து, டவுனில் பிரிண்ட் போட்டு, கையில் கொடுத்துவிட்டு வருவார். அந்தப் படங்கள் இன்னும் எத்தனையோ வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றன.

2012-இல் ஒரு நாள் மதியம் திண்டிவனம் ரோட்டுப் பக்கம் கம்பத்தில் ஏறியிருந்தார். லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினார். எந்த வீட்டிலோ ஜெனரேட்டரைத் தப்பாகக் கோத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் திரும்பி லைனில் வந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிசு என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எந்த வீடு என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் சும்மா இருந்திருக்கமாட்டேன், அதனால் தெரியாமல் போனதே நல்லது.

வீட்டுக்கு வந்தவர் ஒவ்வொன்றாக இடது கையால் பழகினார். கையெழுத்து, லுங்கி கட்டுவது, ஷேவிங், மதிக்குப் பென்சில் சீவிக்கொடுப்பது. சோற்றுக் கையே இடக்கை ஆகிவிட்டதே என்று முதலில் பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டார். நான் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து நானும் இடக்கையால் சாப்பிட்டேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று. அதோடு கூச்சம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் அமாவாசைக்கு, டிபன் கேரியரை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திறந்தார். பேட்டரியை எடுத்துச் சார்ஜில் போட்டார். நான் சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, மனுசர் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் எடுக்கவில்லை. பேட்டரியைப் போட்டு ஆன் பண்ணி, மூக்கு சரியாக நீளுகிறதா என்று பார்ப்பார். துணியால் துடைப்பார். அணைத்து, பேட்டரியைக் கழற்றி, அடுக்கி மூடிவிடுவார். மாசா மாசம் இதே கதை. ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இடக்கையால புடிச்சிப் பாத்தேன் லட்சுமி. பட்டன் அந்தப் பக்கத்துல வெச்சிருக்கான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் அதை வாங்கித் துணியில் சுற்றி அடுக்கில் வைத்தேன்.

மதி வேலைக்குப் போனதும் அவருக்கு நல்ல டச் போன் வாங்கிக் கொடுத்தாள். எங்கே தட்டினாலும் படம் விழும். "அது போனு" என்று சொல்லி அதிலும் எடுக்கமாட்டார். யாராவது கேமராவை இரவல் கேட்டால் கொடுக்கவும் மாட்டார். "நீங்களும் எடுக்கறதில்ல, எடுக்கறவங்களுக்கும் குடுக்கறதில்ல. இன்னாத்துக்கு இந்தப் பூசை? நாளைக்கே இத பழைய சாமான்காரன்கிட்ட போடறேன் பாருங்க" என்று கத்துவேன். "போடுடி" என்பார், அடுக்கை மூடிக்கொண்டே. நான் போடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் ஒன்று தெரியும். அந்தக் கேமரா நல்லபடியாக இருக்கிறவரைக்கும், என்றைக்காவது ஒரு நாள் எடுக்கலாம் என்று அவர் உள்ளுக்குள் வைத்திருக்கிறார். கெட்டுப்போய்விட்டால் அந்த ஒரு நாளும் போய்விடும். அதனால்தான் அத்தனை திட்டிய நானும் செருப்புக் கடைப்பக்கம் போனால் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து பேசாமல் அவர் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

போன ஆவணியில் மதிக்குக் கல்யாணம் வைத்தோம். அவள் நர்சிங் படித்து விழுப்புரத்தில் வேலையில் இருக்கிறாள். மாப்பிள்ளை இளவரசன், தொண்டூர்ப் பையன், வாத்தியார் வேலை. பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு மதி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, எனக்கு பீரோ வேணாம், வாஷிங் மெஷின் வேணாம். தாலி கட்டறப்போ நீ ஒரு போட்டோ புடி. ஒண்ணே ஒண்ணு."

அவர் சிரித்தார். "மேல டிரோன் பறக்கப் போவுது. கீழ மூணு பேர் வரானுங்க. அவனுங்க புடிக்காததையா நான் புடிக்கப் போறன்?"

"அவங்க புடிச்சா நான் கல்யாணப் பொண்ணா இருப்பேன் நைனா. நீ புடிச்சாதான் நானா இருப்பேன்."

அவர் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். ஆனால் கல்யாணத்துக்கு முந்தின அமாவாசையில் ஒரு அதிசயம் நடந்தது. பேட்டரி பாதி ஏறியதும் சார்ஜரைப் பிடுங்குகிறவர், முழுசாக ஏறட்டும் என்று விட்டுவிட்டார். நான் பார்த்தும் பார்க்காதவளாக இருந்துகொண்டேன். வாயைத் திறந்தால் கெட்டுவிடும் என்ற பயம். அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியோடு வேலை செய்கிற அனு என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். கேமராவைப் பார்த்ததும் குதித்தாள். "அங்கிள், இந்த மாதிரி பழைய கேமராதான் இப்ப செம டிரெண்டு! எங்க ஹாஸ்டல்ல எல்லாம் தேடிக்கினு இருக்காங்க."

அவர் டிபன் கேரியரைத் திறந்தார். கேமராவில் பேட்டரியைப் போட்டு, அதை அவள் கையில் கொடுத்தார்.

"நீயே புடிம்மா நாளைக்கி. வார கைல மாட்டிக்க. கண்ணாடில வெரல் படக்கூடாது. சந்தனக் கையோட தொடாத. பன்னீர் தெளிக்கறப்போ முந்தானைக்குள்ள வெச்சிக்க. அட்சத போடுவாங்க, ஒரு அரிசி உள்ள பூந்துச்சின்னா மூக்கு மாட்டிக்கும். சும்மா சும்மா ஆன் பண்ணிப் பாக்காத, பழைய பேட்டரி, நாலஞ்சி படத்துக்கு மேல தாங்காது."

மதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"குடுத்துட்டீங்க இல்ல?"

"போட்டோ வந்தா போதும்ல? யார் புடிச்சா இன்னா."

கையை இழந்தபோதுகூட இப்படிப் பேசாத மனுசர். பதிமூன்று வருசம் வீட்டில் அடைகாத்ததை ஒரே நொடியில் தூக்கிக் கொடுத்துவிட்டார். இனி எடுக்கமாட்டேன் என்று முடிவே செய்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. என்னால் திட்டக்கூட முடியவில்லை. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். தேங்காய் எண்ணிப் பையில் போடுகிற வேலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் முகூர்த்தத்தில் தாரை வார்த்துக் கொடுத்தோம். அவருடைய இடக்கைக்கு அடியில் என் கையை வைத்துக்கொண்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அது முடிந்ததும் அவர் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசை நாற்காலிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேடையில் போட்டோக்காரர்களின் முதுகுதான் நிறைந்திருந்தது.

அனு கீழே நின்று காலையிலிருந்து ஏதோ இரண்டு மூன்று படம் எடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்கும் மதிக்கும் கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு பெண் வேண்டும் என்று அய்யர் கேட்க, மதி அனுவைக் கூப்பிட்டாள். அவள் அவசரத்தில், "அங்கிள், செத்த நேரம் வெச்சிருங்க" என்று கேமராவின் வாரை அவருடைய இடது மணிக்கட்டில் மாட்டிவிட்டு மேலே ஓடி வந்துவிட்டாள்.

நான் மதி பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேமராவில் வார் இருப்பதும் பட்டன் இருப்பதும் ஒரே பக்கம், வலது ஓரம். கை போன பிறகு கேமரா வீட்டை விட்டு வெளியே போகவில்லை, அதனால் வாரை அவர் இடது கையில் மாட்டியதே இல்லை. இப்போது மணிக்கட்டிலிருந்து தொங்கிய கேமராவை அவர் அப்படியே சுழற்றிப் பிடித்தபோது, வலது ஓரம் இடது கைக்குள் வந்துவிட்டது. கேமரா தலைகீழாகிவிட்டது. பட்டன் அடியில், சரியாகக் கட்டைவிரலுக்கு மேல்.

அது அவருக்கும் தெரிந்துவிட்டது. மேடையிலிருந்தே எனக்குத் தெரிந்தது, அவர் முகம் மாறிய விதத்தில். ஆன் பண்ணினார். கண்ணுக்கு நேரே தூக்கினார். பிறகு இறக்கிவிட்டார். கேமராவைப் பார்த்தார், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ஒரு வேலையை அதற்குரிய முறையில் செய்யாவிட்டால் செய்யாமலே இருக்கலாம் என்று நினைக்கிற ஆள் அவர். வார், துணி, பொட்டலம், பாதி சார்ஜ் என்று இத்தனை வருசம் முறை தப்பாமல் பார்த்துக்கொண்ட பொருளைச் சபையில் தலைகீழாகப் பிடிப்பதா? அனுவிடமே திருப்பிக் கொடுக்க மேடைப் பக்கம் கையை நீட்டினார்.

கெட்டிமேளம் கொட்டிவிட்டது. அட்சதை விழ ஆரம்பித்துவிட்டது.

"தலைகீழாப் புடிச்சா இன்னா! அமுத்துங்க!"

சத்துணவு வரிசையில் இருநூறு பிள்ளைகளை அடக்கிய தொண்டை என்னுடையது. மேளத்தை மீறிக்கொண்டு போயிற்று. மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. தவில்காரர் தடுமாறினார். மாப்பிள்ளை பாவம், கையில் தாலியோடு அப்படியே உறைந்துபோனார், தன்னிடம்தான் என்னமோ சொல்கிறேன் என்று. மதி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, போட்டோக்காரர்களின் முதுகுகளுக்கு நடுவில் அவளுடைய நைனாவைப் பார்த்தாள். மூக்கு விடைத்து, உதடு கோணி, சிரிப்பும் அழுகையுமாக.

கீழேயிருந்து வெளிச்சம் அடித்தது.

அடுத்த நொடி அவர் கேமராவை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தாலி ஏறியது. சபையில் கத்தியதற்காக என் மாமியார் வீட்டுச் சனம் என்னை முறைத்தது. முறைக்கட்டும் என்று இருந்தேன். எனக்கு அப்போது யார் கண்ணும் பெரிசாகத் தெரியவில்லை.

பந்தியில் அவரிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "ஸ்கிரீன்ல நீங்கள்லாம் நேராத்தான் இருந்தீங்க லட்சுமி. ஓரத்துல பேட்டரி படம்தான் கவுந்து கெடந்துச்சி. படத்த அப்புறமா திருப்பிக்கலாம் போல" என்றார். ஏதோ பெரிய ரகசியம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். இலையில் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் சாப்பிட்டார்.

"அப்புறம் ஏன் ஒண்ணோட நிறுத்திட்டீங்க? மாலை மாத்தறது, மெட்டி போடறதுன்னு எவ்ளோ இருக்குது?"

"செவப்பு லைட்டு வந்துட்டுது. இன்னும் ஒண்ணுக்குத்தான் தாங்கும்" என்றார்.

பொண்ணும் மாப்பிள்ளையும் மூன்று மணிக்குத் தொண்டூருக்குக் கிளம்பினார்கள். அந்த நேரத்தில் எடுப்பார், மதி கார் ஏறும்போது எடுப்பார் என்று நான் அவர் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. மதியின் தலையில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். கார் போய்விட்டது.

மண்டபத்தை ஐந்து மணிக்குள் காலி பண்ண வேண்டும். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் பூவும் அரிசியும். நான் பட்டுப்புடவையைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, மிச்ச சாம்பாரை வாளியில் ஊற்றி யார் யார் வீட்டுக்கு எவ்வளவு என்று சமையல்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். தலையில் வைத்த பூ பாதி உதிர்ந்துபோய்விட்டது. முகமெல்லாம் எண்ணெயும் புகையும்.

"லட்சுமி" என்றார் பின்னாலிருந்து.

"இன்னா? வேன் வந்துட்டுதா?"

"இல்ல. அப்டியே நில்லு."

திரும்பினேன். கேமரா அவருடைய இடக்கையில், தலைகீழாக, கண்ணுக்கு நேரே.

"இப்பவா? இருங்க, மூஞ்சியாவது கழுவிக்கினு வரேன்."

"நீ கழுவிக்கினு வர்ற வரைக்கும் பேட்டரி நிக்காது."

"அப்ப கார் ஏறும்போது மதியை எடுத்திருக்கலாமில்ல? கெடக்கற ஒண்ணையும் எதுக்கு என்னை எடுத்து வீணாக்கறீங்க?"

"அவ ஒண்ணு கேட்டா, எடுத்துக் குடுத்துட்டேன்" என்றார் கேமராவுக்குப் பின்னாலிருந்து. "நீ இத்தினி வருசத்துல ஒரு நாளும் உன்னைப் புடிக்கச் சொல்லிக் கேக்கல."

இத்தனை நாளும் அவருக்காகவும் மதிக்காகவும்தான் சண்டை போடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை. அவர் அப்படிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை நிற்கவைத்துப் பார்த்துப் பதிமூன்று வருசம் ஆகியிருந்தது, எனக்கு அது வேண்டியிருந்தது, எனக்கே தெரியாமல். சமையல்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாளியைக் கீழே வைக்கவில்லை, முகத்தைத் துடைக்கவில்லை. அவர் சொன்ன இடத்தில் அப்படியே நின்றேன்.